துளியும் அலையும்

காவிரியின் கிளையாகிய அரசலாறு கடலொடு கலக்குமிடம் காரைக்கால். அந்நெய்தற் கரையில் மாலைப் பொழுதில் நிற்பார் உள்ளத்தில் ஒரு வினா எழுதல் இயல்பு. துளிகள் கூடி அலையை ஆக்குகின்றனவோ? அன்றி, அலையே துளிகளை ஆட்டுகின்றதோ?

இவ்வினா பழமையானது. நுண்ணிய அணுக்கள் கூடியே பொருள்கள் ஆகின்றன என்னும் ஆசீவகர் கொள்கையை மணிமேகலை எடுத்துரைக்கின்றது. இக்கால இயற்பியலாருள்ளும் ஒரு சாரார், சிறியவற்றின் விதியே பெரியவற்றின் நிலையை முடிவு செய்யும் என்பர். அதற்குத் தக்க சான்று தந்தவர் தமிழரே. 1930ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு அப்போது அகவை 19. எலக்ட்ரான் என்னும் நுண்துகளின் விதிகளைக் கொண்டே, வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என அவர் கணித்தார். ஞாயிற்றின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கே அவ்வெல்லை. கண்ணுக்குப் புலனாகாத் துகள் விண்மீனின் முடிவை வரையறுத்தது!

ஆயினும், பிலிப் ஆண்டர்சன் என்னும் அமெரிக்க அறிஞர் 1972இல் மறுபுறத்தை விளக்கினார். பகுதிகளின் விதிகளை அறிந்தமையாலேயே முழுமையைக் கட்டி எழுப்பிவிடல் இயலாது. பல கூடியவிடத்துப் புதிய இயல்புகள் தோன்றும் என்றார் அவர். தனித்த நீர் மூலக்கூறு ஒன்றற்கு ஈரமும் இல்லை. அலையும் இல்லை அன்றோ?

2004 டிசம்பர் 26 அன்று சுமத்திராவுக்கு அருகில் கடலடித்தரை பெயர்ந்தது. எழுந்த ஆழிப்பேரலை காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு முதலிய மீனவர் சிற்றூர்களில் உயிர்கள் பலவற்றைக் கவர்ந்தது. ஆழ்கடலில் அத்தகைய அலையின் விரைவை உறுதி செய்வன இரண்டே: ஒன்று புவியின் ஈர்ப்பு, மற்றொன்று கடலின் ஆழம். 4000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் விரையும். துளியின் அகத்தை ஆராயாமலே இதனைக் கணித்துவிடலாம். அன்று இந்துமாக்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு இல்லை. கரையில் நின்றோர் அறிந்திலர். 2007இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் அமைந்தது.

அந்நாளிலும் எத்துளியும் தன் விதியை மீறியதில்லை. கடலின் வடிவும் ஆழமும் துளிகளுக்கு வழி வகுத்தன. அவற்றின் விதியை மாற்றவில்லை. விண்மீனின் எல்லையை அறிய விழைவார் துகளிலிருந்து தொடங்குக. கரையோர் உயிரைக் காக்க விழைவார் அலையிலிருந்து தொடங்குக. எவ்வினாவுக்கு எப்படியில் நின்று விடை தேடுவது எனத் தெளிதலே அறிவுடைமையாகும்.