கோளறு பதிகமும் கோழி முட்டையும்

என் பேரன் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முட்டை சாப்பிடுகிறான். சாப்பிடுகிறான் என்று சொல்வதுகூடப் பிசகு. வெள்ளையைத்தான் சாப்பிடுகிறான். மஞ்சள் கரு பன்னிரண்டும் பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்குப் போய்விடுகின்றன. காலை ஆறு மணிக்கு நான் காபியைத் தேடிக்கொண்டு அடுக்களைப் பக்கம் போனால், அங்கே அவன் அவித்த முட்டைகளை வரிசையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தோலுரித்து, இரண்டாகப் பிளந்து, கட்டைவிரலால் மஞ்சளைப் பிதுக்கித் தள்ளிக்கொண்டிருப்பான். பிள்ளை நல்ல பிள்ளைதான். என்னைப் பார்த்ததும் கையை அலம்பிக்கொண்டு காபி கலந்து கொடுப்பான். அந்தக் காபியிலும் சற்று முட்டை வாசனை இருக்கும்.

"ஏண்டாப்பா, அதையும் தின்றால் என்ன?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அதுல கொழுப்பு தாத்தா. மாஸ்டர் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

மாஸ்டர் சொன்னால் அப்பீல் கிடையாது. இது எனக்குத் தெரியாதா? எனக்கும் ஒரு காலத்தில் மாஸ்டர் இருந்தார். அவரை நாங்கள் வாத்தியார் என்று அழைத்தோம்.

1973-ஆம் வருஷம். கும்பகோணத்தில் கல்லூரிப் படிப்பு. காவிரிப் படித்துறையை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை; அதற்குத் தேகப் பயிற்சிச் சாலை என்று பெயர். கர்லாக்கட்டைகள், பார் கம்பி, பெயிண்டு டப்பாக்களில் சிமெண்டு கொட்டி நடுவே கம்பி நட்ட எடைகள், இவ்வளவுதான் ஆஸ்தி. ஒரு பக்கத்துத் தட்டியில் இரண்டு படங்கள் மாட்டியிருந்தன. ஒன்று, ஹெர்குலிஸ் வேஷம் போட்ட அமெரிக்க நடிகர் ஸ்டீவ் ரீவ்ஸ். அவரைப் பார்த்தால் எனக்கு அவநம்பிக்கைதான் வரும். மற்றொன்று, 1952-இல் லண்டனில் உலக ஆணழகர் பட்டம் வாங்கிய வங்காளத்து மனோகர் ஐச். அவருடைய உயரம் ஐந்தடிக்கும் ஓர் அங்குலம் குறைவு. நான் ஐந்தடி மூன்றங்குலம், 48 கிலோ. ஆகவே என் பிரார்த்தனையெல்லாம் அவரிடம். (அவர் 104 வயது வரை வாழ்ந்து 2016-இல்தான் காலமானார்.)

வாத்தியாரின் சித்தாந்தம் ஒரே வரியில் அடங்கும். "முட்டையைப் பச்சையா அடிச்சு வாயிலே ஊத்திக்க. வேக வைச்சா சத்து செத்துப் போயிடும்." தினம் எட்டு என்று எனக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்.

எங்கள் வீடோ சுத்த சைவம். வெங்காயம் நறுக்கினாலே அப்பா திண்ணைக்குப் போய்விடுவார். முட்டையை வேறு வீடுகளின் கூடையில் பார்த்திருக்கிறேனே தவிர, கையில் எடுத்தது கிடையாது. முதல் முட்டையை வாத்தியார் முன்னிலையில்தான் குடித்தேன். நான் அதை விழுங்கினேன் என்று சொல்ல முடியாது. அதுவாகவே வழுக்கிக்கொண்டு போயிற்று. நல்லவேளையாக, அது திரும்பி வருவதற்குள் அவர் ஒரு சிட்டிகை மிளகுப் பொடியை நாக்கில் வைத்தார். அன்று தமிழ் வகுப்பில் எனக்கு வந்த ஏப்பத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

வாத்தியாரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஹாலிவுட் நடிகர்களுக்கு உடம்பு திருத்திக் கொடுத்த வின்ஸ் ஜிரோண்டா என்பவர் நாளுக்கு 36 முட்டை வரையில் சிபாரிசு செய்தார். 1976-இல் வந்த 'ராக்கி' படத்தில் கதாநாயகன் விடியற்காலையில் எழுந்து ஐந்து முட்டைகளைக் கண்ணாடித் தம்ளரில் உடைத்து ஊற்றி மடக்மடக்கென்று குடிப்பான். அதைப் பார்த்துவிட்டு எத்தனை தேசத்து இளைஞர்கள் குமட்டினார்களோ, தெரியவில்லை.

முட்டைக்குக் காசு வேண்டுமே? அம்மா கடுகு டப்பாவில் சில்லறை போட்டு வைப்பாள். தெருப் பெண்கள் நாலைந்து பேர் மறு வருஷம் ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம் போவதாகப் பேச்சு. அதற்கான சேமிப்பு அது. நான் முதலில் நாலணா எடுத்தேன். பிறகு எட்டணா. எடுத்தேன் என்று எழுதுகிறேன். திருடினேன் என்பதுதான் சரி. கடுகை மேலே பரப்பி முன்போல் சமன் செய்து வைப்பதில் எனக்கு நல்ல தேர்ச்சி வந்துவிட்டது. புஜத்தில் வந்த தேர்ச்சியைவிட அது அதிகம்.

குட்டு உடைந்தது முட்டையாலேயேதான். ஒரு நாள் மாலை கடையிலிருந்து இரண்டு முட்டைகளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். வாசலில் வண்டி நின்றிருந்தது. கிராமத்திலிருந்து அரிசி மூட்டை வந்திருந்தது. "தினமும் கஸரத்துச் செய்கிறாயே, ஒரு கை பிடி பார்க்கலாம்" என்றார் அப்பா. மறுக்க வழியில்லை. மூட்டையை மார்போடு அணைத்துத் தூக்கினேன். 'சளக்' என்று ஒரு சத்தம். அப்பாவுக்குக் கேட்கவில்லை.

சட்டையைச் சுருட்டிக் கொல்லையில் போட்டுவிட்டேன். அம்மா அதை எடுத்து, பிசுக்கு என்று நினைத்து, கொதிக்கிற வெந்நீரை ஊற்றினாள். முட்டைக் கறையில் வெந்நீர் ஊற்றக்கூடாது. துணியிலேயே வெந்து கெட்டியாகிவிடும். பச்சைத் தண்ணீரில்தான் அலசவேண்டும். முட்டையையே அறியாதவளுக்கு இது எப்படித் தெரியும்? சட்டைப் பையில் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு கட்டி உருவாகி வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தபடியே நின்றாள்.

இரவு அப்பா தூங்கிய பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"எத்தனைடா தம்பி திங்கறே?"

"எட்டும்மா."

"மாசத்துக்கா?"

"தினமும்."

கடுகு டப்பாவைப் பற்றிக் கேட்பாள் என்று நான் எதிர்பார்த்து நின்றேன். அவள் கேட்டது வேறு.

"வேக வைச்சா, பச்சையாவா?"

"பச்சையாத்தான். அப்பத்தான் பலமாம்."

"எந்தப் பாவி சொன்னான்? அரிசியைப் பச்சையாத் திங்கறமா, பருப்பைப் பச்சையாத் திங்கறமா? பச்சையாத் தின்னா எப்படிடா செரிக்கும்?"

இந்தக் கேள்விக்கு வாத்தியாரிடம் பதில் இல்லை. 1998-இல் பெல்ஜிய தேசத்து ஆராய்ச்சியாளர்கள் அளந்து சொன்னார்கள். வேக வைத்த முட்டையின் புரதத்தில் சுமார் 91 சதவிகிதம் உடம்பில் சேருகிறதாம். பச்சை முட்டையில் சுமார் 51 சதவிகிதந்தான். அது மட்டுமல்ல. பச்சை வெள்ளைக் கருவில் அவிடின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. சூடு பட்டால்தான் அதன் பிடி தளரும். ஒரு முட்டைக்கு 6 கிராம் புரதம் என்று கொண்டால், எட்டுப் பச்சை முட்டையில் எனக்குக் கிடைத்தது 25 கிராம்கூட இல்லை. நாலே முட்டையை அவித்துத் தின்றிருந்தால் ஏறக்குறைய அவ்வளவும் கிடைத்திருக்கும். அம்மாவிடம் முதலிலேயே சொல்லியிருந்தால் திருட்டைப் பாதியாகக் குறைத்திருக்கலாம்.

மறுநாள் கொல்லையில், முருங்கை மரத்துக்குக் கீழே மூன்று செங்கல் அடுப்பு ஒன்று தோன்றியது. அதன்மேல் பழைய அலுமினியப் பாத்திரம். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு கொட்டாங்கச்சி அகப்பையால் முட்டைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறக்கினாள். கையால் தொடவில்லை. ஆனால் எவ்வளவு நேரம் வேகவேண்டும் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வீட்டிலிருந்த ஒரே கடிகாரம் அப்பா படுக்கும் கூடத்தில் இருந்தது. வேலிக்கு அப்பால் இருந்த அம்மாளைக் கேட்டு வந்தாள். "ஒரு பதிகம் சொல்ற நேரம்னு வைச்சுக்க" என்று என்னிடம் சொன்னாள். அந்த அம்மாள் அப்படிச் சொல்லியிருக்க நியாயமில்லை. அவர்கள் வேறு மதத்துக்காரர்கள். கணக்கை அம்மாவே தன் பாஷைக்கு மாற்றிக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் கோளறு பதிகம் பதினொரு பாட்டும் முட்டை அடுப்புக்கு முன்னால் பாடி முடிக்கப்பட்டது. திருஞானசம்பந்தர் மன்னிக்கவேண்டும். பாட்டு முடிந்ததும் அடுப்பை அவிப்பாள். நான் முட்டைகளை எடுத்துக்கொண்டு போவேன். ஓடுகளை முருங்கைக்கு எருவாகப் போட்டுவிட்டு அவள் தலை முழுகுவாள். அப்புறம்தான் பூஜை, சமையல் எல்லாம்.

"கொல்லையிலே என்ன புகை?" என்று அப்பா ஒரு நாள் கேட்டார்.

"நெல் அவிக்கிறேன்" என்றாள் அம்மா.

தினந்தினமுமா நெல் அவிப்பார்கள்? அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை.

இன்னொரு விஷயம். அந்த இரவுக்குப் பிறகு நான் கடுகு டப்பாவைத் தொடவில்லை. தொடவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. காலையில் மாடப் பிறையில் அன்றைய முட்டைக்கான காசு எண்ணி வைத்திருக்கும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. ஏழு மாசம் இப்படி நடந்தது.

மறு வருஷம் தஞ்சாவூரில் ஓர் ஆணழகர் போட்டி நடந்தது. ஏழு பேர் மேடை ஏறினோம். நான் ஆறாவது. ஏழாவது ஆளுக்கு அன்று ஜுரம். முதலாவதாக வந்தவர் அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். எண்ணெய் பூசிக்கொண்டு அவர் முதுகைத் திருப்பியபோது சபையில் சத்தம் அடங்கிவிட்டது. இறங்கி வந்தவரைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீங்க ஒரு நாளைக்கு எத்தனை முட்டை?" என்று ஆவலோடு கேட்டேன்.

"முட்டையா?" என்று சிரித்தார். "வீட்டுல கோழி இருக்கு தம்பி. இட்டா விக்கிறதுதான்."

பிறகு என்னதான் சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தேன். கேழ்வரகுக் கூழ், மொச்சைப் பயறு, கருவாடு, மழைக்காலத்தில் நத்தையும் வயல் நண்டும். எல்லாம் புரதந்தான்; ஆனால் அந்த வார்த்தை எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது. எடைப் பயிற்சி செய்கிறவனுக்கு உடம்பின் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் ஒரு நாளைக்குக் கிடைத்தால் போதும், அதற்கு மேல் தின்பதால் தசை கூடுவதாகத் தெரியவில்லை என்று 2018-இல் பல ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 48 கிலோ ஆசாமிக்கு 77 கிராம். பருப்பும் பாலும் தயிரும் சோறுமாகவே அதில் பாதிக்கு மேல் வந்துவிடும். மிச்சத்தை மூட்டைதான் செய்யவேண்டும். அவர் நாளெல்லாம் மூட்டை தூக்கினார். நான் ஒரே ஒரு மூட்டை தூக்கினேன். அதிலும் முட்டை உடைந்தது.

அந்த வருஷம் ஆடி அமாவாசைக்குத் தெருப் பெண்கள் ராமேசுவரம் போனார்கள். அம்மா போகவில்லை. மூட்டு வலி என்று சொன்னாள். நான் உத்தியோகத்தில் அமர்ந்து, 1981-இல் அவளை அழைத்துப் போனேன். அதற்குள் மூட்டு வலி நிஜமாகவே வந்துவிட்டிருந்தது. கடலில் இறங்க முடியாமல் கரையில் உட்கார்ந்தாள். செம்பில் தண்ணீர் மொண்டு வந்து நான் ஊற்றினேன்.

இதையெல்லாம் பேரனிடம் சொன்னதில்லை. மஞ்சள் கருவைப் பற்றி மட்டும் ஒரு நாள் கச்சை கட்டிக்கொண்டு வாதாடினேன். முட்டையின் 6 கிராம் புரதத்தில் கிட்டத்தட்ட இரண்டரை கிராம் மஞ்சளில் இருக்கிறது. பன்னிரண்டு மஞ்சளைக் கொட்டினால் ஐந்து முழு முட்டையின் புரதத்தைக் கொட்டினாற்போல. ஏ, டி வைட்டமின்களும் அதில்தான். 2017-இல் பத்து வாலிபர்களை எடை தூக்க வைத்து, முழு முட்டையும் வெறும் வெள்ளையும் சம அளவு புரதம் வருகிற மாதிரி கொடுத்துச் சோதித்தார்கள். தசை கட்டும் வேலை முழு முட்டையில்தான் அதிகமாக நடந்தது.

"கொலஸ்டிரால், தாத்தா?"

நல்ல கேள்விதான். 1968-இல் அமெரிக்க இதயநோய்ச் சங்கத்தார் வாரத்துக்கு மூன்று மஞ்சளுக்கு மேல் கூடாது என்றார்கள். உலகம் பயந்தது. நாளுக்கு 300 மில்லிகிராம் என்று அந்த நாட்டு உணவுக் குறிப்புகளில் இருந்த உச்சவரம்பை 2015-இல் எடுத்துவிட்டார்கள். தின்கிற கொலஸ்டிரால் அப்படியே ரத்தத்துக்குப் போய்விடுவதில்லை என்று தெரிந்ததுதான் காரணம். 1991-இல் அமெரிக்க வைத்தியப் பத்திரிகை ஒன்றில் 88 வயதுக் கிழவர் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தார்கள். அவர் வெகு காலமாகத் தினம் 25 முட்டை தின்றவர். அவருடைய ரத்தத்தில் கொலஸ்டிரால் சாதாரண அளவே இருந்தது. குடல் கொஞ்சமாகத்தான் உறிஞ்சியது. மிகுந்ததைக் கல்லீரல் பித்த அமிலமாக்கி வெளியே தள்ளியது. எல்லா உடம்பும் அப்படி இராது என்பதும் உண்மைதான். சர்க்கரைக்காரனான என்னை என் டாக்டர் எண்ணித்தான் தின்னச் சொல்லியிருக்கிறார். ஆனால் இருபத்திரண்டு வயதுப் பையன் பன்னிரண்டில் மூன்று நாலு மஞ்சளையாவது தின்றால் என்ன?

கிழவர் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "அவருக்கு சிக்ஸ் பேக் இருந்துச்சா தாத்தா?" என்றான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நம் ஊர்ச் சத்துணவில் 1989-இல்தான் முட்டை போட ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடக் குழந்தைக்கு வாரம் ஐந்து என்று ஆனது 2010-இல். அந்தக் குழந்தைக்கு இரண்டு வாரத்துக்கு வருவதைவிட அதிகமான மஞ்சளை நீ காபி ஆறுவதற்குள் தொட்டியில் கரைக்கிறாய்" என்று கத்தினேன். அவன் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் என் கண்ணில் படாமல், நான் எழுந்திருப்பதற்கு முன்பே முட்டைக் காரியத்தை முடித்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் அவனுக்கு ஏதோ வெளியூர் வேலை. நான் விடியுமுன் எழுந்து, அவனுக்காகப் பாத்திரத்தில் முட்டையைப் போட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். முட்டை அவிப்பது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. எவ்வளவு நேரம் என்ற பிரச்சனை மறுபடி வந்தது. கடிகாரம் எதிரிலேயே இருந்தது. இருந்தாலும் கோளறு பதிகத்தை முதலிலிருந்து மெதுவாகச் சொல்லிக்கொண்டே நின்றேன். நடுவில் ஒரு பாட்டு மறந்துவிட்டது. நினைவுக்கு வரும் வரையில் காத்திருந்து, பிறகு மேலே போனேன். முடித்து இறக்கியபோது பதினாறு நிமிஷம் ஆகியிருந்தது.

பேரன் ஒன்றைப் பிளந்து பார்த்தான். மஞ்சளைச் சுற்றிலும் பச்சையும் கறுப்புமாக ஒரு வளையம். அளவுக்கு மீறி வெந்தால் வெள்ளையிலுள்ள கந்தகமும் மஞ்சளிலுள்ள இரும்பும் சேர்ந்து அப்படி ஆகுமாம். தின்றால் கெடுதல் ஒன்றும் இல்லையாம்.

"ரொம்ப நேரம் விட்டுட்டீங்க தாத்தா. இதுக்குப் பத்து நிமிஷமே அதிகம்" என்றான்.

அம்மா அவித்த முட்டைகளிலும் அந்த வளையம் இருக்கும். ஏழு மாசமும் எல்லா முட்டையிலும் இருந்தது. முட்டையின் நிறமே அதுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.