முற்றத்துக் கதவு

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுவோர் வாசல்நிலை வைப்பதற்கு நாளும் நேரமும் பார்ப்பர். நிலைக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு, மாவிலை கட்டி, தேங்காய் உடைப்பர். தச்சருக்கு வேட்டியும் தட்சணையும் கிடைக்கும். தெருவைப் பார்த்து நிற்கும் கதவுக்கு இத்துணைச் சிறப்பு உண்டு. ஆனால் கூடத்துக்கும் பின்விறாந்தைக்கும் இடையே, முற்றத்தைப் பார்த்து நிற்கும் கதவுக்கு எவரும் நாள் பார்ப்பதில்லை. முன்கதவு ஊருக்காக நிற்பது. முற்றத்துக் கதவு வீட்டில் வாழ்பவருக்காக நிற்பது. கிணற்றடிக்குப் போகவும், மிளகாய் காயவிடவும், மாலையில் காற்று வாங்கவும் நாளில் இருபது முறை திறக்கப்படுவது அதுவே. ஆகவே ஒரு வீட்டின் உண்மையான வாழ்க்கையை அறிய விரும்புவோர் அந்த இரண்டாவது கதவையே நோக்குதல் வேண்டும்.

பழைய நாற்சார் வீட்டில் முற்றம் வீட்டின் நடுவே இருந்தது. நாற்புறமும் அறைகளும் விறாந்தைகளும் சூழ்ந்திருந்தமையால் அதற்குத் தனிக்கதவு வேண்டியதில்லை; வானமே அதன் கூரை. பிற்கால வீடுகளில் முற்றம் பின்புறத்துக்குச் சென்றபோது, உள்ளும் புறமும் சந்திக்கும் இடத்தில் ஒரு கதவு இன்றியமையாததாயிற்று. திறந்தால் முற்றம் வீட்டுக்குள் வரவேண்டும். மூடினால் வீடு காவலுக்குள் அடங்கவேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தேவைகளையும் ஒரே பொருள் நிறைவு செய்யவேண்டியிருப்பதே இக்கதவைத் தெரிவதிலுள்ள இடர்ப்பாடாகும்.

வலிகாமத்துக் கிராமமொன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியே வாழ்கின்றார். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாம மக்கள் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது, கணவரோடும் பத்து வயது மகனோடும் இந்த வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்றவர் அவர். 1996 இல் திரும்பியபோது சுவர்கள் நின்றன. கதவுகளும் நிலைகளும் இல்லை. முன்வாசலுக்கு ஒருவாறு கதவொன்று தேடிப் போட்டனர். முற்றத்து வாசலுக்குச் சட்டம் அடித்துத் தகரம் வைத்து அறைந்தனர். தற்காலிகம் என்று வைத்த தகரம் ஆண்டுக்கணக்கில் நின்றது. 2010 இல் மகன் கனடா சென்றான். 2011 இல் கணவர் காலமானார். இறுதியில் தகரத்தின் அடிப்பகுதி துருவேறி உதிரத் தொடங்கியதும் புதிய கதவு பற்றிய பேச்சு எழுந்தது.

ரொறன்ரோவிலிருந்து மகன் பணமும் படமும் அனுப்பினான். எட்டடி அகலத்தில், அலுமினியச் சட்டத்தில் வழுக்கி ஓடும் கண்ணாடிக் கதவு அது. அவன் விருப்பத்தைப் பகட்டு என்று ஒதுக்குதல் நீதியன்று. ஆண்டின் பல மாதங்களைக் குளிருக்கு அஞ்சி மூடிய அறைகளுள் கழிப்பவனுக்கு வெயிலும் முற்றமும் எத்தகைய செல்வம் என்பது எளிதில் விளங்கும். அன்றியும், அந்நாட்டில் அக்கதவு காரணமின்றித் தோன்றியதும் அன்று. அங்கு மாரிகாலத்தில் ஞாயிறு தென்வானில் தாழ்ந்து செல்கின்றது. தெற்கு நோக்கிய கண்ணாடி அந்த வெயிலை அறைக்குள் ஆழமாக விடுகின்றது. இருபடைக் கண்ணாடிகளின் இடைவெளி உள்ளிருக்கும் வெப்பத்தைக் காக்கின்றது.

யாழ்ப்பாணத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ற் இறுதியிலும் நண்பகல் ஞாயிறு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்கும். உச்சிவெயிலை விறாந்தைத் தாழ்வாரம் தடுத்துவிடும். பிற்பகல் மூன்று மணிக்குப் பின் சாய்ந்துவரும் மேற்கு வெயிலைத் தடுக்காது. ஆசிரியையின் முற்றமோ மேற்கே உள்ளது. கண்ணாடி ஞாயிற்றின் ஒளியை உள்ளே விடும். அதனாற் சூடேறிய தரையும் சுவரும் வீசும் வெப்பக் கதிர்களை எளிதில் வெளியே விடாது. குளிர்நாட்டில் அருளாக அமையும் இப்பண்பே இங்கு கூடத்தைச் சூளையாக்கிவிடும்.

கடைக்காரர் கண்ணாடியின் வலிமையை எடுத்துரைத்தார். அவர் கூறியது பொய்யன்று. வன்மையூட்டிய கண்ணாடி ஏறக்குறைய 620 பாகை செல்சியசுக்குச் சூடாக்கப்பட்டு விரைவாகக் குளிர்விக்கப்படுவது. உடைந்தாலும் கூரிய துண்டுகளாகாது, சிறு மணிகளாக உதிரும். எனினும் அதனைப் பின்னர் வெட்டிச் சிறிதாக்க இயலாது. ஆதலால் அளவு முன்னரே பிழையின்றி இருத்தல் வேண்டும். இரு பலகைகள் கொண்ட வழுக்குக் கதவு முழுதும் திறந்தாலும் பாதி வாசலே திறந்திருக்கும். சோளகக் காற்று மாதங்களில் பறந்துவரும் புழுதி கீழ்த்தண்டவாளத்தில் நிறையும். அதனைக் குனிந்து கூட்டவேண்டியவர் எழுபதைக் கடந்த ஒருவர். உப்புக்காற்றுக்கு அலுமினியம் ஓரளவு தாங்கும். அதிற் பூட்டிய இரும்பு ஆணிகள் தாங்கா.

மரத்துக்கும் குறைகள் உண்டு. முதிரை உறுதியானது, விலையோ உயர்ந்தது. பாலை மிக வன்மையானது, உளியைச் சோதிப்பது. வேம்பின் கைப்புக்குக் கறையான் எளிதில் அணுகாது. ஆயின் நன்கு உலராத பலகை வளைந்துவிடும். வன்னியிலிருந்து மரம் கொண்டுவருவதற்கு அனுமதிப்பத்திரமும் வேண்டும். அனைத்துக்கும் மேலாக, மரம் மாரியில் ஈரத்தை உறிஞ்சி அகலும், கோடையில் ஒடுங்கும். இம்மாற்றம் நார் ஓடும் திசையில் மிகச் சிறிது. அதற்குக் குறுக்கே மிகுதி. ஆதலினாலேயே தேர்ந்த தச்சர் பலகையைச் சட்டத்தில் இறுக ஆணியடிக்காது, காடியில் அசைய இடம்விட்டுப் பொருத்துவர்.

நம் முன்னோர் இந்நுட்பத்தை அறிந்திருந்தனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், அரண்மனை வாயிற்கதவைக் கைவல்ல கம்மியன் இடைவெளி தோன்றாதவாறு முடுக்கிப் பொருத்திய செய்தி வருகின்றது. வேனிலில் தென்றலைத் தந்த சாளரத்தின் கதவு கூதிர்காலத்தில் தாழிடப்பட்டுக் கிடந்தமையும் அப்பாட்டிற் கூறப்படுகின்றது. கதவு பருவத்தை அறிந்து இயங்கவேண்டியது என்னும் கருத்து தமிழருக்குப் புதியதன்று.

வெயிலும் புழுதியும் விலையும் மட்டுமே வினாவாயின் கணக்குப் பார்த்து முடிவு செய்திருக்கலாம். தொலைபேசியில் மகன் இறுதியாக ஒரு நியாயம் சொன்னான்:

"அம்மா, கண்ணாடி எண்டால் கதிரையிலை இருந்தபடியே முற்றம் முழுக்கத் தெரியுமல்லோ?"

"பகலிலை எனக்கு முற்றம் தெரியும் தம்பி. இரவிலை முற்றத்துக்கு நான் தெரிவன்."

இருளில் நிற்பவருக்கு விளக்கெரியும் அறை ஒரு மேடைபோலத் தோன்றும். திரைச்சீலை போட்டால் போயிற்று என்று கடைக்காரர் கூறலாம். ஆனால் இராக்காலங்களில் நாய் குரைத்தவுடன் விளக்கை அணைத்து மூச்சடக்கி இருந்த ஆண்டுகள் ஒருவரது உடலிற் பதிந்துள்ளன. அவற்றைத் திரைச்சீலை மறைத்துவிடாது. போர் 2009 இல் முடிந்தது. அவரது செவி அதனை இன்னும் முழுமையாக நம்பவில்லை. ஆண்டில் மூன்று வாரம் வந்து நிற்கும் மகனுக்கு அந்த வீடு ஒரு நினைவு. ஏனைய நாற்பத்தொன்பது வாரமும் தனியே உறங்கும் தாய்க்கு அது ஓர் இரவு.

சிறிது நேரம் மகன் பேசவில்லை. பின்னர், "எந்தக் கதவெண்டால் நீங்கள் பயமில்லாமல் படுப்பியள்?" என்று கேட்டான். அதுவரை எவரும் கேளாத வினா அது.

முடிவு எளிதாக அமைந்தது. முதிரை நிலை, வேம்புப் பலகையில் இரட்டைக் கதவு. ஒவ்வொரு கதவும் மேல் கீழ் என இரண்டாகப் பிரிந்தது: மேற்பாதியைத் திறந்தால் காற்று வரும், கீழ்ப்பாதி மூடியிருந்தால் நாயும் கோழியும் வாரா. நிலைக்கு மேலே வெக்கை வெளியேறக் கம்பியிட்ட காற்றுவழி. மகனின் விருப்பத்துக்கும் இடம் இருந்தது: கதவின் அருகே, கதிரையில் இருப்பவரின் கண்மட்டத்தில், உட்புறம் மரப்பலகையால் மூடக்கூடிய ஒடுங்கிய கண்ணாடிச் சாளரம்.

"தாழ்ப்பாளை எந்த உயரத்திலை வைக்கிறது, ரீச்சர்?" என்று தச்சர் கேட்டார். ஆசிரியை கையை உயர்த்திக் காட்டினார். அது தோளுக்கு மேலே செல்லவில்லை. தச்சர் ஒன்றும் கூறாது இடுப்பளவில் அடையாளமிட்டார். கால் தடுக்காதபடி கீழ்நிலையையும் தாழ்த்தி, மழைநீர் உட்புகாதவாறு விறாந்தைத் தரையை வெளிப்புறம் சரித்து மெழுகுமாறு மேசனிடம் சொன்னார். விலைப்பட்டியல் எதிலும் இடம்பெறாத இவ்விரு அளவுகளே அக்கதவின் மிகச் சிறந்த பகுதிகள் எனலாம்.

சங்க காலத்தில் மாலைவேளை வாயிலை அடைப்பதற்கு முன், உள்ளே வரவேண்டியவர் எவரேனும் உளரோ என்று கேட்கும் வழக்கம் இருந்தமை குறுந்தொகையால் அறியப்படும். அந்த வினாவின் பெருமை விருந்தோம்பலில் மட்டும் தங்கியிருக்கவில்லை. வாயிலை அடைக்கவும் திறக்கவும் உரிமையுடைய ஒருவரே அவ்வாறு கேட்கமுடியும். இரவோடிரவாகக் கதவுகளை விட்டுச் சென்ற ஒரு சமூகத்துக்கு அவ்வுரிமை சிறிய பொருளன்று. ஆதலால் கதவு தெரிவோர் மரமா கண்ணாடியா என்று ஆராயுமுன், அதனை இரவில் மூடப்போகும் கை எவருடையது என்று கேட்டல் வேண்டும்.