ஆச்சி பைபிளின் முதல் பக்கம்



எங்கள் குடும்பக் கூடுகைக்கு ஒரு மலர் அச்சடிக்கப் போகிறோம். "நாம 1780 பட்டியல்ல உள்ள குடும்பம்னு முதல் பக்கத்துல போட்டுருவோம் அண்ணே" என்றான் சித்தப்பா மகன். நான் சம்மதிக்கவில்லை. அவனுக்கு வருத்தம். அதனால் எல்லாருக்கும் சேர்த்தே காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பாளையங்கோட்டையில் 1778-ல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர் கிளாரிந்தா அம்மையார். 1780-ல் அங்கே சபைப் பதிவேட்டில் எழுதப்பட்டவர்கள் 40 பேர். 1785-ல் அம்மையாரின் முயற்சியில் எழும்பிய ஆலயத்தை இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறோம். அந்த நாற்பதில் நம் முன்னோர் ஒருவர் இருந்தால் யாருக்குத்தான் பெருமை இல்லை?

அமெரிக்காவிலும் இந்த ஆசை உண்டு. 1620-ல் மேபிளவர் கப்பலில் போய் இறங்கியவர்களின் வழிவந்தோருக்கு அங்கே ஒரு சங்கமே இருக்கிறது. அதில் சேர வேண்டுமானால் தலைமுறை தலைமுறையாகப் பிறப்பு, திருமணம், இறப்பு என்று ஆதாரம் காட்ட வேண்டும். அவர்களுக்காவது குடும்பப் பெயர் என்று ஒன்று தொடர்ந்து வருகிறது. நமக்கு இன்ஷியல்தான், அதுவும் தலைமுறைக்கு ஒருமுறை மாறும். போதாததற்குத் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம். பதிவேட்டைத் திறந்தால் ஞானமுத்து மகன் தேவசகாயம், தேவசகாயம் மகன் மறுபடியும் ஞானமுத்து! எந்த ஞானமுத்து நம் ஞானமுத்து?

ஓய்வு பெற்றபின் மூன்று வருஷம் தேடினேன். ஆச்சியின் பைபிள் முதல் பக்கத்தில் மையால் எழுதிய பிறந்த தேதிகளில் பழையது 1871. அதைப் பிடித்துக்கொண்டு ஊர்க் கோயில் பதிவேட்டில் 1846-ல் நடந்த ஒரு கல்யாணம் வரைக்கும் போய்விட்டேன். அதற்கு மேல் வழி இல்லை. நடுவே 66 வருஷம் காலியாகக் கிடக்கிறது.

ஆனால் அந்தக் கல்யாணப் பதிவில் மணமகள் பெயரும் இருந்தது. எங்கள் வீட்டில் ஆண்களின் பெயரை ஐந்து தலைமுறைக்குச் சொல்வார்கள். இந்தப் பூட்டியின் பெயரை ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. படித்ததும் கண் கலங்கிவிட்டது. மலரின் முதல் பக்கத்தில் அவர் பெயர்தான் வரவேண்டும் என்பது என் ஆசை.

விடை சரியாக வந்தாலும் வழிமுறை எழுதாதவனுக்கு நான் முழு மதிப்பெண் போட்டதில்லை, உங்களுக்கே தெரியும். இங்கே விடையும் சரிதானா என்று தெரியாது. என் குடும்பம் என்பதற்காக மட்டும் எப்படிப் போடுவேன்?

உங்கள் வீட்டுப் பழைய பைபிளின் முதல் பக்கம், கல்லறைக் கல்லில் உள்ள எழுத்து, பழைய கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். சொந்தங்கள் எனக்கும் அனுப்புங்கள். அந்த 66 வருஷத்தில் ஒரு பெயர் கிடைத்தாலும் போதும்.