ஒரு கையெழுத்து காத்த அரண்மனை

ஃப்ளாரன்ஸ் நகரில் ஆர்னோ நதியின் பழைய பாலத்தை, அதன் நகைக்கடைகளோடு தாண்டிச் சில நிமிடங்கள் நடந்தால் மேடாக ஏறும் ஒரு கல் முற்றம். அதன் உச்சியில், பாறையை வெட்டி நிறுத்தியது போல பிட்டி அரண்மனை. அழகு என்று சட்டெனச் சொல்ல வாய் வராது. மிரட்டுகிறது.

1458 வாக்கில் லூக்கா பிட்டி என்ற வங்கி முதலாளி கட்டத் தொடங்கியது. மெடிச்சி குடும்பத்து மாளிகையின் வாசலைவிடத் தன் வீட்டு ஜன்னல் பெரிதாக இருக்கவேண்டும் என்று உத்தரவிட்டாராம். ஊர்க் கதைதான். கட்டி முடிக்காமலே 1472-ல் இறந்தார். 1549-ல் அதை வாங்கியவர் கோசிமோ டி மெடிச்சியின் மனைவி எலியனோரா!

இன்று உள்ளே பல மியூசியங்கள். முக்கியமானது பாலட்டைன் ஓவியக்கூடம். சுக்கிரன், செவ்வாய், வியாழன், சனி என்று அறைகளுக்குக் கிரகங்களின் பெயர். ஆண்டு வரிசையெல்லாம் கிடையாது. அரசர்கள் மாட்டிய பாணியிலேயே, சட்டத்தோடு சட்டம் உரச, தலைக்கு மேலும் படங்கள். நாற்காலியில் அமர்ந்து குழந்தையை இறுக அணைத்திருக்கும் ரஃபேலின் மரியாளும் இங்கேதான்.

இதெல்லாம் ஊரைவிட்டுப் போயிருக்க வேண்டியவை. மான்டுவாவின் கொன்சாகா வம்சம் 1620-களின் இறுதியில் தன் ஓவியங்களை இங்கிலாந்து மன்னருக்கு விற்றது. 1737-ல் மெடிச்சிகளின் கடைசி ஆண் வாரிசும் இறந்தபோது, ஆட்சி வியன்னாவில் சம்பந்தம் செய்திருந்த லொரைன் வம்சத்தின் கைக்குப் போனது. எஞ்சியவர் அவருடைய அக்கா, பிள்ளையில்லாத விதவை, அன்னா மரியா லூயிசா. சொத்தை ஒப்படைக்கச் சம்மதித்த அவர் ஒரு நிபந்தனை விதித்தார்: எதுவும் நகரைவிட்டு வெளியேறக் கூடாது. நாட்டுக்கு அலங்காரம், மக்களுக்குப் பயன், அயலாரை ஈர்ப்பது ஆகிய மூன்று காரணங்களையும் ஒப்பந்தத்தில் எழுதவைத்தார். 1743-ல் இதே அரண்மனையில் இறந்தார்.

காகிதம் பட்டாளத்தைத் தடுக்காது. 1799-ல் பிரெஞ்சுக்காரர்கள் ரஃபேலின் மரியாளைப் பாரிசுக்குத் தூக்கிப்போனார்கள். 1815-ல் திரும்பி வந்தாள். 1919-ல் இத்தாலிய மன்னர் அரண்மனையையே நாட்டுக்குக் கொடுத்தார்.

ரஃபேலைத் தேடி வருபவர்களில் அன்னாவின் பெயரை அறிந்தவர்கள் குறைவு. ஆனால் டிக்கெட் வரிசையில் நிற்கும் வெளிநாட்டு முகங்களைப் பார்த்தால், மூன்றாவது காரணத்தை அவர் எவ்வளவு சரியாகக் கணித்தார் என்பது புரிகிறது.