கடலும் கடவுச்சீட்டும்

தொண்டைமானாறு என்னும் பெயரே ஒரு கடல் வணிகச் செய்தியைத் தன்னுள் அடக்கி நிற்கின்றது. முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவனும் கலிங்கத்துப்பரணி போற்றும் வெற்றிக்கு உரியவனுமாகிய கருணாகரத் தொண்டைமான், கரணவாய்ப் பகுதியில் விளைந்த உப்பைக் கப்பலேற்றும் பொருட்டு இவ்வாற்றை வெட்டுவித்தான் என்பது யாழ்ப்பாணத்து மரபு. அம்மரபின் உண்மை எவ்வாறாயினும், வடமராட்சியின் இக்கரையில் வாழ்ந்தோர் கடலை எல்லையாகக் கருதாது வழியாகவே கருதினர் என்பதற்கு அது சான்றாகும். செல்வச் சந்நிதி முருகன் கோயிலின் அருகே ஓடிக் கடலோடு கலக்கும் இவ்வாற்றின் வாயிலில் நின்று வடக்கே நோக்கினால், எதிரே தெரிவது வெறும் நீர்ப்பரப்பே. வேலியோ எல்லைக்கல்லோ அதில் இல்லை. ஆயினும் உலகில் மிகக் கடுமையாக வழக்காடப்பட்ட சொத்துக்களுள் இந்நீர்ப்பரப்பும் ஒன்று என்பதை வரலாறு காட்டுகின்றது.

பாய்க்கப்பற் காலத்திலே, போர் மூண்டபோதெல்லாம் போர்க்கப்பல்களைவிட வணிகக் கப்பல்களே மிகுதியும் வேட்டையாடப்பட்டன. பகைநாட்டு வணிகனின் கப்பலைப் பிடிப்பவன் அதனை ஒரு நீதிமன்றின் முன் கொண்டுவந்து, ‘இது முறைப்படி கைப்பற்றப்பட்டது’ என்ற தீர்ப்பைப் பெற்றால், கப்பலும் சரக்கும் அவனுக்கே உரியனவாகும். அரசனிடம் அனுமதிப்பத்திரம் பெற்ற தனியாரும் இவ்வேட்டையில் இறங்கினர். பத்திரம் உள்ளவன் நாட்டுக்குத் தொண்டு செய்தவன் ஆனான். இல்லாதவன் கடற்கொள்ளைக்காரன் என்று தூக்கிலிடப்பட்டான். இருவர் செய்ததும் ஒரே செயல். அவர்களை வேறுபடுத்தியது ஒரு துண்டுக் கடதாசியே.

இவ்வழக்குகளுள் யாழ்ப்பாணத்து வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது ‘சாந்தா கத்தரீனா’ என்னும் போர்த்துக்கேயக் கப்பலின் வழக்காகும். 1603 பெப்ரவரி 25ஆம் நாள், இன்றைய சிங்கப்பூரின் கீழ்க்கரைக்கு அப்பால், யாக்கோப் வான் ஹீம்ஸ்கெர்க் என்ற ஒல்லாந்தக் கப்பற்றலைவன் அதனைக் கைப்பற்றினான். சீனத்துப் பட்டும் பீங்கானும் நிறைந்த அக்கப்பலின் சரக்கு அம்ஸ்ரர்டாமில் ஏலமிடப்பட்டபோது, முப்பது இலட்சம் கில்டருக்கு மேல் விலைபோயிற்று. ஆனால் ஹீம்ஸ்கெர்க் பெற்றிருந்த அதிகாரம் தற்காப்புக்கு மட்டுமே உரியது. பிறர் கப்பலைத் தேடிச்சென்று தாக்குதற்கு அவனுக்கு வெளிப்படையான அனுமதி இருக்கவில்லை. 1604இல் அம்ஸ்ரர்டாம் கடற்படை நீதிமன்று அக்கைப்பற்றல் செல்லும் எனத் தீர்த்தது. எனினும் கம்பனியின் பங்காளர் சிலர், சமய நெறி காரணமாக, அந்தப் பணத்தைத் தொடவும் மனங்கொள்ளவில்லை.

தீர்ப்புக் கிடைத்தும் மனச்சாட்சி அடங்காத நிலையிலே, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி தன் செயலுக்கு நியாயம் எழுத ஒருவரைத் தேடியது. அப்பணியை ஏற்ற ஹ்யூகோ குரோட்டியஸ் அன்று இருபத்தொரு வயதினர். இன்றைய பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் வயதினர். அவர் எழுதிய நூலின் ஓர் அதிகாரம் மட்டும் 1609இல் ‘சுதந்திரக் கடல்’ என்னும் பொருள்படும் இலத்தீன் தலைப்பில், ஆசிரியர் பெயரின்றி வெளியாயிற்று. கடல் எவருக்கும் தனியுடைமையாகாது, கீழ்த்திசை நாடுகளுடன் வணிகஞ்செய்ய எல்லார்க்கும் உரிமை உண்டு, அதனைத் தடுக்கப் போர்த்துக்கேயருக்கு அதிகாரம் இல்லை என்பனவே அதன் சாரம். முழு நூலின் கையெழுத்துப்படி 1864இல் ஓர் ஏலத்திலேதான் வெளிப்பட்டது. உலகம் போற்றிய ஒரு கொள்கை, கைப்பற்றிய கப்பல் ஒன்றுக்காக எழுதப்பட்ட வாதுரையின் பகுதி என்பது அதன் பின்னரே முழுமையாக விளங்கிற்று.

கொள்கையின் பிறப்புக் குறையுடையது என்பதனால் அக்கொள்கையும் குறையுடையதாகிவிடாது. சேற்றிலிருந்து தாமரை தோன்றுதல் கூடும். ஆகவே குரோட்டியஸின் வாதத்தை அதன் பயன் கொண்டே அளத்தல் வேண்டும். அந்த அளவுகோல் யாழ்ப்பாணத்திலேயே கிடைக்கின்றது. கடல் யாவர்க்கும் பொது என்று 1609இல் முழங்கிய அதே கம்பனி, 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. அதன்பின்னர் இக்கடலிற் சென்ற தோணிகளுக்கு நேர்ந்தது யாது? போர்த்துக்கேயர் தம் காலத்திலே ‘கர்த்தாசு’ என்னும் கடவுச்சீட்டைக் கொள்ளாத கப்பல்களைப் பறிமுதல் செய்து வந்தனர். ஒல்லாந்தர் அம்முறையை ஒழிக்கவில்லை, தமதாக்கிக்கொண்டனர். பாக்கு வணிகம் அவர்தம் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. துணி இறக்குமதி அவர்தம் கணக்குப் புத்தகத்துக்குள் அடங்கியது. சீட்டின்றியும் சீட்டில் குறித்த துறையை விட்டு விலகியும் ஓடிய தோணி பிடிக்கப்படுதற்கு உரியதாயிற்று.

இம்முரண்பாட்டை ஆங்கிலேயரும் கண்டுகொண்டனர். 1613இல் இலண்டனில் நடைபெற்ற பேச்சுவார்த்தையிலே, கீழைக்கடலில் தம்மைத் தடுத்த ஒல்லாந்தருக்கு எதிராக ஆங்கிலேயர் எடுத்துக்காட்டியது ‘சுதந்திரக் கட’லையே. எதிர்த்தரப்பில் ஒல்லாந்தத் தூதுக்குழுவின் உறுப்பினராக அமர்ந்திருந்தவர் அந்நூலின் ஆசிரியராகிய குரோட்டியஸ் தாமே. கீழைநாட்டு மன்னர்கள் ஒல்லாந்தரோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் அவர்களைக் கட்டுப்படுத்துவன என்று அவர் இப்போது வாதிட்டார். வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்காகப் பேசுவது தொழில் தருமம் எனலாம். ஆனால் நாகபட்டினத்துக்குத் தோணியோட்டிய தண்டையலுக்கு இலண்டனிலும் இடமில்லை, அம்ஸ்ரர்டாமிலும் இடமில்லை.

ஆசிய வணிகனின் இந்நிலையை இன்னும் தெளிவாகக் காட்டுவது ‘கெடா மேர்ச்சன்ற்’ என்ற கப்பலின் கதை. வங்காளத்திலிருந்து சூரத்துக்குப் பட்டும் துணியும் சருக்கரையும் அபினும் ஏற்றிச்சென்ற அக்கப்பல், மலையாளக் கரைக்கு அப்பால் 1698 சனவரி 30ஆம் நாள் வில்லியம் கிட் என்பவனால் பிடிக்கப்பட்டது. கப்பலை வாடகைக்கு அமர்த்தியோர் ஆர்மேனிய வணிகர், சரக்கிலே முகலாய அரசவைப் பிரமுகர் ஒருவருக்கும் பங்குண்டு, கப்பற்றலைவனோ ஆங்கிலேயன். பிரஞ்சுக் கம்பனி வழங்கிய கடவுச்சீட்டு ஒன்று அதில் இருந்தது. கிட் தன் கப்பலிற் பிரஞ்சுக் கொடியை ஏற்றி ஏமாற்றியே அச்சீட்டை வெளிக்கொணர்ந்தான். பிரஞ்சுக்காரரின் கப்பல்களைப் பிடிக்க அவனிடம் ஆங்கில அரசின் பத்திரம் இருந்தமையால், அச்சீட்டே தனக்குக் காப்பு என அவன் எண்ணினான்.

எண்ணியது நடக்கவில்லை. சரக்கை நீதிமன்றின் முன் கொண்டுசெல்லாமல் ஒரு பகுதியை வழியிலேயே விற்றமை அவனுக்குக் கேடாயிற்று. முகலாயரின் சினத்துக்கு ஆளாகிய ஆங்கிலக் கம்பனிக்கோ அவனைக் கொள்ளைக்காரன் எனக் கைவிடுதல் தேவையாயிற்று. 1701 மே மாதத்தில் இலண்டனில் விசாரணை நடந்தபோது, அவன் கேட்ட பிரஞ்சுச் சீட்டுகள் காணப்படவில்லை. கொலைக்குற்றமும் கொள்ளைக்குற்றமும் சாட்டப்பட்டு அம்மாதம் 23ஆம் நாள் அவன் தூக்கிலிடப்பட்டான். தொலைந்த சீட்டுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் ஆவணக் காப்பகத்திலேயே கண்டெடுக்கப்பட்டன. கப்பலின் சிதைவுகள் 2007இல் டொமினிக்கன் குடியரசின் கரையோரம் கண்டறியப்பட்டன. வணிகனைக் காக்கவென்று வாங்கிய சீட்டு அவனைக் காட்டிக்கொடுத்தது. பிடித்தவனைக் காக்கவேண்டிய வேளையில் அது மறைந்துபோயிற்று. கடதாசி பேசுவதில்லை, அதனை வைத்திருப்பவனே பேசுகிறான்.

ஒரு நூற்றாண்டின் பின், நீதி சற்றுத் தெளிவான உருவம் பெற்றது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. இலண்டன் கடற்படை நீதிமன்றின் நீதிபதி சேர் வில்லியம் ஸ்கொட் அளித்த தீர்ப்புகள் இன்றும் சர்வதேசச் சட்ட மாணவரால் பயிலப்படுகின்றன. 1801இல் அவர் தீர்த்த ‘இந்தியன் சீஃப்’ என்ற கப்பலின் வழக்கு அவற்றுள் ஒன்று. பிரித்தானியரின் பகைவராகிவிட்ட ஒல்லாந்தரின் பத்தாவியாவிலிருந்து அக்கப்பல் வந்தது. கப்பலின் உரிமையாளர் இங்கிலாந்தில் வாழ்ந்த அமெரிக்கர். அந்நாட்டை விட்டு மீளாக் கருத்துடன் புறப்பட்டுவிட்டமையால் அவர் அமெரிக்கராகவே கருதப்பட்டுக் கப்பல் மீளளிக்கப்பட்டது. சரக்குக்கு உரிமைகோரியவர் கல்கத்தாவிலிருந்த அமெரிக்கக் கொன்சல். அவருக்கு அந்த நற்பேறு கிட்டவில்லை. கீழைநாடுகளில் ஐரோப்பிய வணிகன் எந்தக் கம்பனியின் நிழலில் வாழ்கின்றானோ அந்நாட்டவனாகவே வணிகத்தில் கொள்ளப்படுவான் என்று நீதிபதி விதித்தார். பிரித்தானிய நிழலில் வாழ்பவர் பகைவனோடு வணிகஞ்செய்தல் குற்றம். எனவே சரக்குப் பறிபோயிற்று.

வாதத்தின் கூர்மை வியக்கத்தக்கது. ஆயினும் அவ்வாதம் தங்கி நின்ற தூண் யாது என்று நோக்குதல் வேண்டும். கல்கத்தா அமைந்த மண்ணின் மீது முகலாயப் பேரரசருக்கு இருந்த மேலாண்மை வெறும் பெயரளவினது என ஒதுக்கப்பட்ட பின்னரே அம்முடிவு சாத்தியமாயிற்று. ஒரு சரக்குப் பொதிக்கு யார் உரியவர் என்ற கேள்விக்கு விடை காணும் போக்கில், ஒரு நாட்டுக்கு யார் உரியவர் என்ற கேள்விக்கும் அந்நீதிமன்று விடை கூறிவிட்டது.

இவற்றுக்கு மாறான ஒரு நெறி இக்கடலில் முன்னரே எழுதப்பட்டிருந்தது. நயினாதீவிலுள்ள, முதலாம் பராக்கிரமபாகுவின் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டே அது. பிறநாட்டு வணிகர் ஊர்காவற்றுறையில் வந்திறங்கவேண்டும் என்றும், அவர்கள் காக்கப்படவேண்டும் என்றும் அது கூறுகின்றது. யானை குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால், நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. பிற வணிகப் பண்டங்கள் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால், சரிபாதி அரசுக்கும் சரிபாதி உடையவனுக்கும் உரியன. அரசன் ஒன்றும் எடுக்காத அறநெறி இதுவன்று. பாதியை அவன் எடுத்துக்கொள்கின்றான். மேலும் இது உடைந்த கப்பலைப் பற்றியது. போரிற் பிடித்த கப்பலைப் பற்றியதன்று. ஆயினும் அதன் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. இழப்பு நேருமுன்னரே விதி எழுதப்பட்டது. எழுதப்பட்டதும் இக்கரையின் மொழியிலேயே. தன் பொருளில் எவ்வளவு மீளும் என்பதை ஒருவன் பாய் விரிக்குமுன் அறிய முடிந்தது. பிற்காலத்துக் கைப்பற்றுச் சட்டமோ, பொருள் பறிபோன பின்னர், பறித்தவனின் தலைநகரில், பறித்தவனின் மொழியில் அவனுக்கு அறிவிக்கப்பட்டது.

1856இல் பாரிசுப் பிரகடனம் தனியாருக்குக் கைப்பற்றும் பத்திரம் வழங்கும் முறையை ஒழித்தது. நீராவிக் கப்பல்கள் பெருகிப் பாய்க்கப்பல் பின்தங்கியது. எனினும் வடமராட்சியில் அக்கலை அவ்வளவில் மடியவில்லை. அயலூராகிய வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, இவ்வூர்க் கடலோடிகளின் கைவண்ணத்தால் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறைமுகத்தை அடைந்தது. அத்தகைய கடலோடிகளின் வழிவந்தோர், பின்னர் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போர்க்காலத்திலே, கண்ணுக்கெட்டும் தூரத்தில் வலைவீசுதற்கும் அனுமதிச்சீட்டை எதிர்பார்த்து நிற்கும் நிலைக்கு ஆளாயினர். சீட்டு வழங்குவோர் மாறினர், சீட்டு மாறவில்லை.

இன்று பாக்கு நீரிணையில் வழக்கு வேறோர் உருவங் கொண்டுள்ளது. 1974ஆம், 1976ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் வரைந்த எல்லையைக் கடந்துவரும் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் பிடிக்கப்பட்டு வடபுலத்து நீதிமன்றுகளுக்குக் கொண்டுவரப்படுகின்றன. அவற்றால் வலையை இழந்த வடமராட்சி மீனவனின் துயரம் மெய்யானது. படகு பிடிபட்டுக் கடனில் ஆழும் அக்கரைத் தொழிலாளியின் துயரமும் மெய்யானதே. முன்னைய வழக்குகளினின்று இது ஒரு வகையில் வேறுபட்டது. இங்கே இழந்தவனும் பிடிபட்டவனும் ஒரே மொழி பேசுவோர். ஒருவன் கூற்றை மற்றவன் விளங்கிக்கொள்ளத் துபாசி வேண்டியதில்லை.

‘கடல் யாவர்க்கும் பொது’ என்பது அழகிய வாக்கியம். அதனை வலியவன் கூறும்போது, அவனுடைய கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்றும் பார்த்துக்கொள்ளுதல் நன்று. கடலைப் பங்கிடும் எந்த விதியையும், அதனால் அதிகம் இழக்கக்கூடியவன் முன்கூட்டியே படித்தறிய முடியுமா, அதை எழுதும் இடத்தில் அவனுக்கும் ஓர் இருக்கை உண்டா என்ற இரு வினாக்களால் சோதித்தல் தகும். நயினாதீவுக் கல் முதல் வினாவுக்கு விடை கூறியது. இரண்டாவது வினாவுக்கு இக்கடலில் இன்னும் எவரும் விடை எழுதவில்லை.