கிட்னி மாத்தியாச்சு, இனி என்ன குறை?

காக்காவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுறேன். ஊரில் இன்னும் சிலர் இதே சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கிறாங்க.

கிட்னி மாத்தி மூணாம் மாசம் காக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றுதான் பயந்தோம். இரத்தம் சோதித்து, சீ.எம்.வீ. என்ற வைரஸ் என்றார்கள். நம்மில் அநேகமானோரின் உடம்பில் அது சத்தமில்லாமல் படுத்துக் கிடக்கிறதுதான். புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குளிசையால் அடக்கும்போது எழும்பிவிடும். தந்தவரின் கிட்னியோடும் வரலாம்.

மருந்து கொடுத்தார்கள், காய்ச்சல் இறங்கியது. ஆனால் காக்கா பழையபடி ஆகவில்லை. தூக்கமில்லை, பேச்சில்லை. கிளினிக் நாள் வந்தால் முதல் நாளே கை நடுங்கும்.

பார்க்க வந்தவங்க எல்லாரும், "அல்லாஹ் புது உசிர் தந்திருக்கான், ஷுக்ர் செய்யுங்க, ஏன் முகம் இப்பிடி?" என்றார்கள். நானும் சொன்னேன். பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்ற மாதிரியே சொன்னேன். அதற்குப் பிறகு என்னோடும் பேச்சைக் குறைத்துவிட்டார்.

ஒருநாள் மதினி படுக்கை விரிப்பை உதறும்போது மெத்தைக்கடியில் பதினொரு குளிசைகள். உடம்பு கிட்னியைத் தள்ளாமல் இருக்கப் போடுகிற அதே குளிசை. கேட்டதற்கு அழுதார். "தங்கச்சிட கிட்னிய நான்தான் பழுதாக்கப் போறேன். அது சுணங்காம நடக்கட்டும்."

கிட்னி தந்த ராத்தா பக்கத்தில்தான் நின்றாள். "தந்தது தந்ததுதான் காக்கா. நான் கடனா தரல்ல" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாளே கிளினிக்கில் ஒளிக்காமல் சொன்னோம். யாரும் ஏசவில்லை. வைரஸ் விட்டுப்போகும் களைப்பு, தூக்கத்தையும் மனநிலையையும் குழப்பக்கூடிய பிரெட்னிசொலோன், பயம், எல்லாம் சேர்ந்திருக்கலாம் என்றார் வைத்தியர். மனநல வைத்தியரிடம் அனுப்பினார். நாமாகப் பாமசியில் தூக்கக் குளிசையோ, நாட்டு மருந்தோ வாங்கிக் கொடுக்க வேண்டாம், சிலது கிட்னி மருந்தின் அளவை இரத்தத்தில் மாற்றிவிடும் என்றும் எச்சரித்தார். நல்லவேளை, கசாயம் ஒன்று அடுப்பில் ஏறத் தயாராக இருந்தது.

இப்போது ஓரளவு பரவாயில்லை. சில நாள் இன்னும் இருட்டுத்தான். குளிசையை மதினியின் கையால்தான் எடுக்கிறார்.

ஜும்ஆவுக்கு மாஸ்க் போட்டு, ஓரமாக நிற்பார். "இன்னுமா மாஸ்க்?" என்று கேட்காதீங்க. தடிமல், இருமல் இருந்தால் வீட்டுக்கு வராமல் போனில் ஸலாம் சொல்லுங்க. உங்க வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம். எனக்கு இன்பொக்ஸில் எழுதினாலும் சரி, எந்த கிளினிக்கில் எப்படிக் கேட்பது என்று சொல்லித் தாறேன்.