கேட்காமலே எழுதிய சம்மதம்

ஒரத்தநாடு வட்டாரத்தில் ஒரு மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தேன். எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றி முடிவெடுக்காதே என்று தாலுகா அலுவலக வாசலில் கோஷம் போட்டவன் நான். ஆனால் எங்கள் சங்கத்திலேயே பேச்சு வராத உறுப்பினர்களிடம் ஒருமுறைகூட நான் கருத்துக் கேட்டதில்லை. அவர்கள் பெயரில் தீர்மானம் மட்டும் எழுதினேன்.

மூளை முடக்குவாதம் உள்ள இளைஞர் ஒருவர் அம்மாவோடு தவறாமல் கூட்டத்துக்கு வருவார். நன்கொடைத் துண்டறிக்கையின் முகப்பில் அவர் படத்தைப் போடலாமா என்று பேச்சு வந்தபோது, நான் அம்மாவைத்தான் பார்த்தேன். "போட்டுக்குங்க தம்பி, அவனுக்கு என்ன தெரியும்" என்றார். தீர்மானப் புத்தகத்தில் 'அனைவர் சம்மதத்துடன்' என்று எழுதி, மடங்கியிருந்த இளைஞரின் கட்டைவிரலைப் பிரித்து, மையில் தொட்டு நானே உருட்டினேன்.

பின்னர் ஒரு கூட்டத்துக்கு வந்த சிறப்பாசிரியை அந்த இளைஞர் எதிரே உட்கார்ந்தார். "உங்க படம் நோட்டீஸ்ல வரலாமா? சரின்னா மேலே பாருங்க, வேண்டாம்னா கண்ணை மூடுங்க" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அடுத்த பொருளுக்குப் போகலாமே என்று எனக்குப் பரபரத்தது. இளைஞர் கண்களை இறுக மூடினார். கேள்வியைத் திருப்பி, "படம் வேண்டாமா?" என்றதும் பார்வை மேலே போனது.

"வீட்டுல தண்ணி வேணுமான்னு கேட்டா இப்படித்தான் பார்ப்பான். கூட்டத்துலயும் கேப்பீங்கன்னு நினைக்கலையே" என்றார் அம்மா.

நேரமில்லை என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது உண்மையல்ல. பேச்சு இல்லையென்றால் கருத்தும் இல்லை என்று நம்பியிருந்தேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, சைகை மொழியையும் பேச்சுக்கு மாற்றான பிற வழிகளையும் தகவல் தொடர்பு என்றே சொல்கிறது. படத்தைத் தொட்டால் குரலாக ஒலிக்கும் 'ஆவாஸ்' செயலி நம் சென்னையில்தான் உருவானது. ஆனால் அன்று எங்களுக்குக் கருவிகூடத் தேவைப்படவில்லை. கேட்டுவிட்டுப் பொறுத்திருந்தாலே போதுமாக இருந்தது.

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கும் சட்டத்திருத்தம் 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. அந்த இருக்கைகளுக்குப் பெயர் சொல்லும்போது, நன்றாகப் பேசுகிறவர்களை மட்டும் முன்னிறுத்தினால் நான் செய்த தவறையே ஊர்தோறும் செய்வோம்.

அந்தத் துண்டறிக்கைகளைத் திரும்பப் பெற்றோம். தீர்மானத்தை ரத்து செய்தோம். சங்கம் நடத்துகிறவர்கள் தங்கள் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, கேட்காமல் வாங்கிய கைரேகைகளைத் தேடுங்கள். அவற்றுக்கு உரியவர்களிடம் போய், இந்த முறை பதில் வரும்வரை காத்திருங்கள்.